நாள்பட்ட அஜீரண நோயாளிகளுக்குக் குறுஞ்செய்தி வழியே நலக்கல்வி: முதன்முறை தொடங்குவோருக்கான வழிகாட்டி

நாள்பட்ட அஜீரணத்துக்காக வெளிநோயாளர் பிரிவுக்கு வருபவர் மருத்துவரின் முன் உட்காரும் நேரம் சில நிமிடங்களே. மாத்திரையை எப்போது விழுங்க வேண்டும், எந்த வலி மாத்திரையைத் தவிர்க்க வேண்டும், எந்த அறிகுறி வந்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்கக் கூடாது என்றெல்லாம் அங்கே சொல்லப்படுவதில் பலவும் அவர் வீடு போய்ச் சேர்வதற்குள் மறந்துபோகின்றன. அந்த இடைவெளியை நிரப்பக் குறுஞ்செய்தி நல்ல கருவி. இணையம் இல்லாத சாதாரணக் கைப்பேசிக்கும் அது போய்ச் சேரும். வேண்டும்போது எடுத்து மறுபடியும் படிக்கலாம்.

நான் பணியாற்றும் வயிற்று நோய்ப் பிரிவில் இதைத் தொடங்கும் பொறுப்பு நலக்கல்வியாளர் என்ற முறையில் என்னிடம் வந்தபோது, செய்திகளை எழுதுவதுதான் வேலை என்று எண்ணி, இரண்டே நாள்களில் நாற்பது செய்திகளை எழுதி முடித்தேன். அவற்றுள் ஒன்றைக்கூட நான்கு மாதங்களுக்கு அனுப்ப முடியவில்லை. அனுப்பத் தொடங்கிய பிறகும் முதல் மாதத்தில் சில தவறுகள் நேர்ந்தன. அவற்றுள் ஒன்று நோயாளிக்கு ஆபத்தாகவே முடிந்திருக்கக் கூடும். நீங்கள் அதே வழியில் தடுக்கி விழக் கூடாது என்பதற்காகவே, படிகளைச் செய்ய வேண்டிய வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

1. யாருக்கு அனுப்புவது, யாருக்கு அனுப்பக் கூடாது என்று முடிவு செய்யுங்கள்

நெஞ்செரிச்சல், ஏப்பம், வயிற்று உப்புசம், மலச்சிக்கல் ஆகிய எல்லாவற்றையும் மக்கள் "அஜீரணம்" என்றே சொல்கிறார்கள். ஒரே செய்தித் தொகுப்பு இவை அனைத்துக்கும் பொருந்தாது. செரிமானக் கோளாறுகளை வரையறுக்க மருத்துவ நிபுணர்கள் 2016இல் வெளியிட்ட ரோம் 4 அளவுகோல்படி, சாப்பிட்ட பின் தொல்லை தரும் வயிற்று நிறைவு, சிறிது உண்டவுடனே வயிறு நிறைந்துவிடுதல், மேல் வயிற்று வலி, மேல் வயிற்று எரிச்சல் ஆகியவற்றுள் ஒன்றேனும் கடந்த மூன்று மாதங்களாக இருந்து, முதல் அறிகுறி தோன்றி ஆறு மாதங்களாவது ஆகி, அவற்றை விளக்கக்கூடிய புண்ணோ கட்டியோ பரிசோதனையில் காணப்படாத நிலையே செயல்பாட்டு அஜீரணம் எனப்படுகிறது. உங்கள் தொகுப்பு இந்தக் குழுவினருக்கானது என்று வரையறுத்துக்கொண்டால் எழுதும் வேலை பாதியாகக் குறையும்.

காரணமின்றி எடை குறைந்தவர், விழுங்கச் சிரமப்படுபவர், ரத்தசோகை உள்ளவர், தொடர்ந்து வாந்தி எடுப்பவர் ஆகியோரை முழுப் பரிசோதனை முடியும் வரை சேர்க்காதீர்கள். அறுபது வயதைத் தொட்டவருக்குப் புதிதாக அஜீரணம் வந்தால் எண்டோஸ்கோபி (குழாய்க் கேமராவால் இரைப்பையைப் பார்க்கும் பரிசோதனை) செய்யுமாறு பல மருத்துவ வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன. ஆகவே அதற்கு முன் அவரையும் சேர்க்க வேண்டாம். நலக்கல்விச் செய்திகள் கிடைக்கின்றன என்ற நிம்மதியிலேயே ஒருவர் பரிசோதனையைத் தள்ளிப்போட்டுவிடுவார் என்பதே என் அச்சம். இன்சுலின் போடுபவர்களைப் பொறுத்தவரை, "உணவைச் சிறு பங்குகளாகப் பிரித்து உண்ணுங்கள்" என்ற அறிவுரை மருந்தளவோடு மோதக் கூடும் என்பதால் மருத்துவரின் தனி அனுமதி வேண்டும்.

சேர்க்கும்போது "உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா?" என்று கேட்காதீர்கள், பலர் கூச்சத்தில் தலையாட்டிவிடுவார்கள். மாதிரிச் செய்தி ஒன்றை அவருடைய கைப்பேசிக்கே அனுப்பி, "இதில் என்ன சொல்லியிருக்கிறது?" என்று கேளுங்கள். எழுத்துரு சரியாகத் தெரிகிறதா, எண் சரியா, வாசிக்க முடிகிறதா ஆகிய மூன்றும் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். சில பழைய கைப்பேசிகளில் தமிழ் எழுத்துகளுக்குப் பதிலாகக் கட்டங்கள் மட்டுமே தெரியும் என்பதையும் இந்தச் சோதனைதான் காட்டிக்கொடுக்கும்.

2. ஆவணங்களை இப்போதே சேர்க்கத் தொடங்குங்கள்

எங்கள் நான்கு மாதத் தாமதம் முழுவதும் இங்கேதான் நேர்ந்தது. எழுதி முடித்த பிறகு அனுமதி கேட்கலாம் என்று விட்டுவிட்டேன், அது தவறு. பின்வரும் ஆவணங்களுக்கான வேலையை ஒரே நேரத்தில் தொடங்குங்கள்.

முதலாவது, நோயாளியின் ஒப்புதல் படிவம். எந்த எண்ணுக்கு, வாரத்துக்கு எத்தனை செய்திகள், எத்தனை வாரங்களுக்கு, பதிலை யார் படிப்பார்கள், எப்படி நிறுத்துவது என்பன அதில் எழுத்தில் இருக்க வேண்டும். "இந்தக் கைப்பேசியை வேறு யாரேனும் பயன்படுத்துகிறார்களா?" என்ற கேள்விக்கு அதில் தனிக் கட்டம் ஒதுக்குங்கள். குறுஞ்செய்தி முழுவழி மறையாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டுதல்) செய்யப்படுவதில்லை என்பதையும், பூட்டிய திரையிலும் அதன் முதல் வரி தெரியக் கூடும் என்பதையும் வாய்மொழியாகவும் சொல்லுங்கள்.

இரண்டாவது, செய்தித் தொகுப்பு. எல்லாச் செய்திகளுக்கும் வரிசை எண்ணும் பதிப்பு நாளும் இட்டு, பொறுப்பு மருத்துவரின் கையெழுத்தைப் பெறுங்கள். பின்னால் ஒரு சொல்லை மாற்றினாலும் புதிய பதிப்பு எண் கொடுங்கள்.

மூன்றாவது, அனுப்பும் சேவை நிறுவனத்துடன் தரவு ஒப்பந்தம்: எண்களையும் செய்திகளையும் எத்தனை நாள் வைத்திருப்பார்கள், யார் பார்க்கலாம், எப்போது அழிப்பார்கள் என்பது அதில் இருக்க வேண்டும்.

நான்காவது, அனுப்புநர் பதிவு. பல நாடுகளில் நிறுவனப் பதிவுச் சான்று, அதிகாரமளிப்புக் கடிதம், மாதிரிச் செய்திகள் ஆகியவற்றைக் கொடுத்துப் பதிந்த பிறகே மொத்தமாகச் செய்தி அனுப்ப முடியும். பதிவு செய்த வாசகத்திலிருந்து ஒரு சொல் மாறினாலும் செய்தி தடுக்கப்படும் இடங்கள் உண்டு. ஆகவே மருத்துவர் கையெழுத்திட்ட பின்னரே வாசகங்களைப் பதிவுக்குக் கொடுங்கள்.

முடிவுகளைத் தொகுத்து ஆய்வாக வெளியிடும் எண்ணம் இருந்தால், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலை முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பெற வேண்டும். பின்னர் வாங்கிக்கொள்ளலாம் என்பது நடக்காது.

3. பதில் வரக்கூடிய எண்ணைத் தேர்ந்தெடுங்கள்

சேவை நிறுவனங்கள் பெரும்பாலும் முதலில் காட்டுவது, எண்ணுக்குப் பதிலாக உங்கள் நிறுவனத்தின் பெயர் தெரியும் அனுப்புநர் அடையாளத்தைத்தான். அது பதினொரு எழுத்துக்குள் இருக்க வேண்டும். பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் அதற்கு நோயாளி பதில் அனுப்ப முடியாது. "நிறுத்த வேண்டுமானால் 'நிறுத்து' என்று பதில் அனுப்புங்கள்" என்று எழுதிவிட்டு, பதிலே போகாத அடையாளத்திலிருந்து அனுப்பியது எங்கள் முதல் தவறு. பலர் நிறுத்தச் சொல்லி அனுப்பிப் பார்த்து, போகாததால் எங்கள் மேல் கோபம் கொண்டார்கள். அந்தக் கோபம் நியாயமானது. வாடகை சற்று அதிகமானாலும் இருவழி எண்ணையே வாங்குங்கள்.

மருத்துவமனைப் பெயரிலேயே "இரைப்பை" போன்ற சொல் இருந்தால், அதை அனுப்புநர் அடையாளமாக வைப்பது நோயை ஊருக்குச் சொல்வதற்குச் சமம். பொதுப் பெயரொன்றைத் தேர்ந்தெடுங்கள்.

4. எழுதுங்கள்; எழுதியதை எண்ணுங்கள்

ஒரு செய்தியில் ஒரு செயல் மட்டும் இருக்கட்டும். மருந்து, உணவு, உறக்கம் மூன்றையும் ஒரே செய்தியில் சொன்னால் மூன்றும் நிற்காது.

இதற்குக் கணக்குச் சார்ந்த காரணமும் உண்டு. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்துகள் கிடைக்கும். தமிழில் எழுதும்போது அது 70 ஆகக் குறைந்துவிடும். 70ஐத் தாண்டினால் செய்தி துண்டுகளாகப் பிரியும். துண்டுகளை இணைப்பதற்கான குறிப்புக்கும் இடம் தேவைப்படுவதால் துண்டொன்றுக்கு 67 மட்டுமே கிடைக்கும். ஆகவே இரண்டு துண்டுகளுக்கு 134, மூன்றுக்கு 201. கைப்பேசியில் ஒரே செய்தியாகச் சேர்ந்து தெரிந்தாலும் கட்டணம் துண்டுக் கணக்கில்தான் வரும்.

அதோடு, எண்ணும் முறையும் நம் முறையன்று. "மாத்திரை" நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, இயந்திரத்துக்கு எட்டு. புள்ளி, துணைக்கால், கொம்பு ஒவ்வொன்றும் தனியாக எண்ணப்படும். இந்தச் செய்தியைப் பாருங்கள்:

"காலை மாத்திரையைச் சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முன்பே விழுங்குங்கள்."

இடைவெளிகளும் முற்றுப்புள்ளியும் சேர்த்து 65. ஒரே துண்டில் அடங்கிவிடும். மரியாதைக்காக முன்னால் "வணக்கம்," என்று சேர்த்தால் 74 ஆகி, அந்தச் செய்திக்கான செலவு இரட்டிப்பாகும். பெயரைத் தானாக நிரப்பும் வசதியும் அவ்வாறே: குறுகிய பெயருக்கு ஒரு துண்டு, நீண்ட பெயருக்கு இரண்டு. பெயரைச் சேர்ப்பதானால் உங்கள் பட்டியலிலேயே மிக நீண்ட பெயரை வைத்து எண்ணிப் பாருங்கள். எழுதும் மென்பொருளிலிருந்து வெட்டி ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாத குறிகள் கூடவே வந்து எண்ணிக்கையை ஏற்றிவிடும். ஆகையால் சேவை நிறுவனத்தின் செய்தி அனுப்பும் திரையில் ஒட்டிய பிறகு ஒருமுறை எண்ணுங்கள்.

எனினும், துண்டை மிச்சப்படுத்துவதற்காகச் சொற்களைச் சிதைக்காதீர்கள். "மாத். சாப். முன்" என்பது யாருக்கும் உதவாது. பொருள் தெளிவுக்கு இரண்டு துண்டு தேவையென்றால் இரண்டு துண்டாகவே இருக்கட்டும்.

உள்ளடக்கத்தில் எவை முதன்மை? என் அனுபவத்தில் இவை. அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஓமெப்ரசோல், பான்டோபிரசோல் போன்றவற்றை உணவுக்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன் விழுங்க வேண்டும். வலி வந்த பிறகு அல்ல. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது. ஆனால் இதயத்துக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த ஆஸ்பிரினைத் தாமாக நிறுத்தவும் கூடாது. இந்த இரண்டையும் ஒரே நாளில் அடுத்தடுத்து அனுப்புங்கள்; முதலாவதை மட்டும் படித்துவிட்டு ஒருவர் ஆஸ்பிரினை நிறுத்தினால் விளைவு கடுமையாக இருக்கும். உணவைச் சிறு பங்குகளாக, மெதுவாக உண்பது, கொழுப்பு மிகுந்த உணவைக் குறைப்பது ஆகியவை அடுத்து வரலாம். "இதை உண்ணாதீர்கள்" என்ற நீண்ட தடைப் பட்டியல் வேண்டாம். எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது ஆளுக்கு ஆள் மாறும். இரண்டு வாரம் குறித்துவைத்துக் கண்டுபிடிக்கச் சொல்வதே மேல்.

"பரிசோதனை சரியாக இருந்தாலும் உங்கள் வலி உண்மைதான்" என்ற செய்தியைக் கட்டாயம் வையுங்கள். எண்டோஸ்கோபியில் ஒன்றுமில்லை என்று கேட்டுத் திரும்புபவர், தம்மை யாரும் நம்பவில்லை என்ற வேதனையோடு போகிறார். சாப்பிடும்போது இரைப்பை போதிய அளவு தளர்ந்து விரியாமையும், இயல்பான விரிவையே நரம்புகள் வலியாக உணர்தலும் இந்த நோயில் காணப்படுகின்றன என்பதை அடுத்த செய்தியில் இரண்டு எளிய வரிகளில் விளக்கலாம். நாங்கள் அனுப்பியவற்றுள் நோயாளிகள் நேரில் வந்து நன்றி சொன்னது இந்தச் செய்திக்குத்தான்.

மற்றொரு கண்ணி: சிலருக்கு அமிட்ரிப்டிலின் போன்ற மருந்தைக் குறைந்த அளவில் கொடுப்பார்கள். மருந்துத் தாளில் "மனச்சோர்வுக்கு" என்று கண்டு அதை நிறுத்திவிடுவோர் உண்டு. வயிற்று நரம்புகளின் வலி உணர்வைத் தணிக்கவே அது தரப்படுகிறது, பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்பதை நேரில் சொல்லுங்கள். செய்தியில் மருந்தின் பெயரின்றி, "இரவு மாத்திரை பலன் தரச் சில வாரங்கள் ஆகும், தாமாக நிறுத்தாதீர்கள்" என்ற அளவோடு நிறுத்துங்கள்.

5. எச்சரிக்கைச் செய்திகளைத் தனியாகக் கையாளுங்கள்

முதல் வாரத்திலேயே மூன்று எச்சரிக்கைகள் போய்ச் சேர வேண்டும். மூன்றும் தனித்தனிச் செய்திகளாக இருக்கட்டும். ரத்த வாந்தியோ தார் போன்ற கறுப்பு மலமோ வந்தால் உடனே அவசரச் சிகிச்சைக்குச் செல்ல வேண்டும். எடை குறைந்தாலோ, விழுங்கச் சிரமமானாலோ, வாந்தி தொடர்ந்தாலோ அடுத்த சந்திப்பு நாளுக்குக் காத்திராமல் முன்னதாகவே வர வேண்டும். மூன்றாவதைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள்: நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி ஆகியவை வந்தால் அஜீரணம் என்று எண்ணி மாத்திரை போட்டுப் படுக்கக் கூடாது; அது மாரடைப்பாக இருக்கலாம்.

கறுப்பு மலம் பற்றிய செய்தியில் நாங்கள் ஒரு தவறு செய்தோம். இரும்புச்சத்து மாத்திரையாலும் பிஸ்மத் சேர்ந்த மருந்தாலும் மலம் கறுக்கும். அதைச் சொல்லாமல் எல்லோருக்கும் அனுப்பியதால், இரும்பு மாத்திரை எடுத்துவந்த ஒருவர் நள்ளிரவில் அச்சத்தோடு ஓடி வந்தார். இம்மருந்துகளை எடுப்போரின் பட்டியலைத் தனியாக வைத்து, நிறம் மாறும் என்பதையும், தார் போல் ஒட்டும் தன்மையோ தலைசுற்றலோ இருந்தால் அப்போதும் வர வேண்டும் என்பதையும் அவர்களுக்குத் தனி வாசகத்தில் அனுப்புங்கள்.

எச்சரிக்கைச் செய்திகளில் துண்டுக் கணக்குப் பார்க்க வேண்டாம். இணைய இணைப்பையும் சேர்க்க வேண்டாம். சுருக்கிய இணைப்புகளை மோசடி என்று மக்கள் அஞ்சுகிறார்கள், சில வலையமைப்புகள் தடுக்கவும் செய்கின்றன.

6. நாளையும் நேரத்தையும் நோயாளியின் சிகிச்சையோடு கட்டுங்கள்

எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே செய்தி என்பது வசதியானது. ஆனால் பயன் குறைவு. நாங்கள் இப்போது பின்பற்றுவது பன்னிரண்டு வாரத் திட்டம்: முதல் நான்கு வாரங்கள் வாரம் மூன்று, அடுத்த எட்டு வாரங்கள் வாரம் ஒன்று, ஆக 20 செய்திகள். அமிலக் குறைப்பு மருந்தைப் பொதுவாக நான்கு முதல் எட்டு வாரங்கள் கொடுத்துப் பார்ப்பார்கள் என்பதால், நான்காம் வாரத்தில் மறுபரிசீலனைக்கு நினைவூட்டும் செய்தி வரும்.

இரைப்பையில் தங்கி அஜீரணத்தைத் தூண்டக்கூடிய ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமிக்கான பரிசோதனைதான் குறுஞ்செய்தி மிகவும் உதவும் இடம். அந்தக் கிருமியைக் கண்டறியும் யூரியா மூச்சுப் பரிசோதனைக்கு இரண்டு வாரங்களுக்கு முன் அமிலக் குறைப்பு மருந்தை நிறுத்தியிருக்க வேண்டும். நான்கு வாரங்களுக்குள் ஆன்டிபயாடிக் எடுத்திருக்கக் கூடாது. தவறினால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரக் கூடும். ஆகவே பரிசோதனை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, 28 நாள், 14 நாள், முந்தைய நாள் என மூன்று செய்திகளைக் குறித்துவையுங்கள். கிருமி ஒழிப்புச் சிகிச்சை தொடங்கினால் பெரும்பாலும் 14 நாள்கள். அந்த நாள்களில் தினமும் ஒரு நினைவூட்டல் தகும். முடிந்து நான்கு வாரங்களாவது கழித்து மறுபரிசோதனை. இவை அந்தந்த நோயாளியின் நாள்களுக்கேற்ப அமைபவை என்பதால் 20 செய்திக் கணக்கில் சேரா.

மருந்து நினைவூட்டல் அனுப்பும் நேரத்தை நோயாளி சாப்பிடும் நேரத்தைக் கேட்டு வையுங்கள். இங்கே இன்னொரு கண்ணி உண்டு. கைப்பேசி அணைந்திருந்தால் வலையமைப்பு செய்தியைத் தேக்கிவைத்து, பிறகு கொடுக்கும். "சாப்பாட்டுக்கு முன் விழுங்குங்கள்" என்ற காலைச் செய்தி இரவில் போய்ச் சேர்ந்து, ஒருவர் இரண்டாம் முறை விழுங்கியது எங்களுக்கு நேர்ந்தது. சேவை நிறுவனத்தின் அமைப்பில் செய்தியின் செல்லுபடி நேரம் என்று ஒன்று இருக்கும்; அதற்குள் போய்ச் சேராத செய்தி கைவிடப்படும். நினைவூட்டல்களுக்கு அதை ஒரு மணி நேரமாகக் குறையுங்கள். அறிவுரைச் செய்திகளுக்கு ஒரு நாள் இருக்கலாம்.

7. செலவைத் துண்டுக் கணக்கில் போடுங்கள்

நூறு நோயாளிகள், ஆளுக்கு 20 செய்திகள் என்றால் 2,000. சராசரியாக இரண்டு துண்டு என்றால் கட்டணம் 4,000 துண்டுகளுக்கு. இதோடு எண் வாடகை, பதிவுக் கட்டணம், சில நிறுவனங்களில் உள்வரும் பதிலுக்கான கட்டணம், சோதனைச் செய்திகள், நாள் மாறி மறுபடி அனுப்புபவை ஆகியவற்றையும் சேருங்கள். விலைப்புள்ளி கேட்கும்போது "ஒரு செய்திக்கு எவ்வளவு?" என்று கேட்காமல், "70 எழுத்துத் தமிழ்த் துண்டு ஒன்றுக்கு எவ்வளவு? போய்ச் சேராத செய்திக்கும் கட்டணம் உண்டா?" என்று எழுத்தில் கேளுங்கள். நோயாளி அனுப்பும் பதிலுக்கு அவருக்குக் கட்டணம் விழுமா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு ஒப்புதல் படிவத்தில் எழுதுங்கள்.

உண்மையில் பெரிய செலவு துண்டுகளில் இல்லை. பதில்களைப் படிக்கும் ஆளின் நேரத்தில் இருக்கிறது. எங்கள் முதல் மதிப்பீட்டில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

8. முதல் செய்திக்கு முன்பே பதில் படிக்க ஆள் வையுங்கள்

செய்தி வந்தால் மறுமுனையில் ஆள் இருக்கிறார் என்று நோயாளி நம்புகிறார். எங்கள் தொடக்க மாதத்தில், இருவழி எண்ணுக்கு மாறிய பின், விடுமுறை நாளொன்றில் ஒருவர் "கறுப்பாகப் போகிறது, மயக்கமாக இருக்கிறது" என்று பதில் அனுப்பியிருந்தார். நான் அதை மறுநாள் காலையில்தான் படித்தேன். அவருடைய மகள் அதற்குள் அவரை மருத்துவமனையில் சேர்த்திருந்ததால் பிழைத்தார். அன்று காலை அந்தத் திரையைப் பார்த்தபோது என் கை நடுங்கியது இன்றும் நினைவிருக்கிறது.

ஆகவே பணி நேரத்தில் யார், விடுப்பு நாளில் யார், எத்தனை மணி நேரத்துக்குள் படிப்பது, எந்தச் சொல் வந்தால் மருத்துவரை அழைப்பது என்று பெயரிட்ட பணிப்பட்டியல் போடுங்கள். பணி நேரத்துக்கு வெளியே வரும் எந்தப் பதிலுக்கும், "இதை இப்போது யாரும் படிக்கவில்லை, அவசரமானால் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்" என்ற தானியங்கிப் பதில் அந்த நொடியே போக வேண்டும். இது தயாராகும் வரை ஒரு செய்திகூட வெளியே போகக் கூடாது.

9. பத்துப் பேரிடம் சோதியுங்கள்

இரண்டு வாரங்கள் போதும். வெவ்வேறு வயதினர், வெவ்வேறு வலையமைப்பினர், பழைய கைப்பேசி வைத்திருப்போர் என்று கலந்து தேர்ந்தெடுங்கள். "சென்றடைந்தது" என்று திரையில் வருவது கைப்பேசியைத் தொட்டது என்று மட்டுமே பொருள். படித்ததாகப் பொருள் இல்லை. தொலைபேசியில் அழைத்து, கடைசிச் செய்தி என்ன சொன்னது, அதன்படி என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள்.

10. முடிக்கும் முறையையும் எழுதிவையுங்கள்

எண்கள் கைமாறும். தொடர்ந்து பல செய்திகள் சென்றடையாமல் இருந்தாலோ, "நீங்கள் யார்?" என்று பதில் வந்தாலோ, அந்த எண்ணுக்கு அனுப்புவதை உடனே நிறுத்தி, அடுத்த சந்திப்பில் நேரில் சரிபாருங்கள். ஒருவர் "நிறுத்து" என்று அனுப்பினால் காரணம் கேட்காமல் நிறுத்தி, நிறுத்தியதாக ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள். அவருடைய சிகிச்சையும் சந்திப்பு நாளும் மாறாது என்பதும் அதில் இருக்கட்டும்.

பன்னிரண்டாம் வாரத்தின் கடைசிச் செய்தியில், இத்துடன் செய்திகள் முடிகின்றன என்பதையும், இனி எந்தத் தொலைபேசி எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். ஆனால் அந்த இருவழி எண்ணை உடனே ஒப்படைத்துவிடாதீர்கள். நோயாளிகள் அதைப் பெயரிட்டுச் சேமித்திருப்பார்கள்; மாதங்கள் கழித்தும் வயிறு வலித்தால் அதற்கே எழுதுவார்கள். கடைசி நோயாளி முடித்த பின் குறைந்தது ஆறு மாதங்களுக்கு எண் வாடகையைச் செலவுக் கணக்கில் சேர்த்து, தானியங்கிப் பதிலை அதுவரை இயங்க விடுங்கள்.